காயலான் கடைக்கா... கேஸ்கெட் கடைக்கா?

விடியற்காலையில் வாசல் தெளித்து, பதினைந்து புள்ளி வைத்துக் கோலம் போட்டுவிட்டு நிமிர்கிறார் வீட்டு அம்மாள். கோலத்துக்கு நடுவே பதினாறாவதாக ஒரு புள்ளி. கறுப்பாக, பளபளவென்று, மெல்லப் பரவிக்கொண்டு...

அது அவர் வைத்த புள்ளி இல்லை. ராத்திரி அங்கே நின்ற உங்கள் கார் வைத்தது!

பழைய கார் உள்ள வீடுகளில் இந்த ஒரு புள்ளியை முன்னிட்டு நடக்கிற யுத்தங்களுக்குக் கணக்கே கிடையாது. "வித்துத் தொலைங்களேன்" என்பது அம்மாள் கட்சி. "சனிக்கிழமை இல்லையா, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்குது" என்பது ஐயா கட்சி. ஞாயிற்றுக்கிழமையும் ஒழுகும்போதுதான் ஐயா மாட்டிக்கொள்கிறார்.

விஷயம் என்னவென்றால், அந்தப் புள்ளிக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு கார்க் துண்டு. அல்லது ஒரு தடிக் காகிதம். அல்லது வளையல் சைஸில் ஒரு ரப்பர். எல்லாம் சில நூறு ரூபாய்ச் சமாசாரம். மாற்றாமல் விட்டால் பல ஆயிரம். எதை மாற்றுவதென்று தெரியாமல் மாற்றினாலும் அதே பல ஆயிரம்!

சொட்டுக் கணக்கு

காமர்ஸ் படித்தவனுக்குக் கணக்குப் போடாமல் தூக்கம் வராது. போட்டுப் பார்த்துவிடுவோம்.

மருந்துக் கடைக் கணக்குப்படி சுமார் 20 சொட்டு ஒரு மில்லி. என்ஜின் ஓடும்போது பத்து விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் போக ஒரு மணி, வர ஒரு மணி. ஆக 720 சொட்டு. அதாவது 36 மில்லி. மாதம் முப்பது நாளும் ஓட்டினால் ஒரு லிட்டருக்குமேல் ரோட்டுக்குத் தானம்! பழைய பெட்ரோல் அம்பாஸடர் என்ஜினின் வயிற்றில் இருப்பதே சுமார் நாலு லிட்டர்தான். டிப் ஸ்டிக்கை மூன்று மாதம் எட்டிப் பார்க்காத மகானுபாவர் என்றால், ஒரு நாள் நடுரோட்டில் 'கட கட' என்று சத்தம் கேட்கும். கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் கடைசியாகப் பேசும் பேச்சு அது.

கீழே விழுகிற எண்ணெயாவது பரவாயில்லை. சூடான எக்ஸாஸ்ட் பைப்மேல் விழுந்தால் புகை, துர்நாற்றம், நேரம் சரியில்லை என்றால் தீ. கிளட்ச் பிளேட்டில் பட்டால் ஏற்காடு மலைப் பாதையில் என்ஜின் மட்டும் அலறும், வண்டி ஏறாது.

இன்னொன்றும் உண்டு. நாம் சொட்டவிட்டுப் போன எண்ணெய்மேல் முதல் தூறல் விழும். பின்னாலேயே பைக்கில், டிபன் பாக்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் வருவார். அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

பேக்கிங் வேறு, ஸீல் வேறு

பட்டறை பாஷையில் கேஸ்கெட்டுக்குப் பெயர் 'பேக்கிங்'. பேக்கிங்கும் ஆயில் ஸீலும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.

பேக்கிங் என்பது அசையாத இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே உட்காருவது. கண்ணுக்கு வழவழவென்று தெரியும் இரும்பை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேடு, பள்ளம், வாய்க்கால். இரண்டு இரும்பை எத்தனை முறுக்கினாலும் அந்த வாய்க்கால் வழியே எண்ணெய் கசியும். நடுவில் நசுங்கிக்கொடுக்கிற ஆசாமி ஒருவர் வேண்டும். கார்க், காகிதம், ரப்பர்... இவர்கள்தான் அந்த ஆசாமிகள். உங்கள் வீட்டுக் குக்கர் மூடியில் இருக்கும் ரப்பர் வளையமும் இதே ஜாதிதான். அது தளர்ந்தால் விசில் வராது, ஓரத்தில் ஆவி சீறும். என்ஜினிலும் அதே கதை!

ஆயில் ஸீல் செய்வது இதைவிடக் கஷ்டமான வேலை. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் ஒரு ஷாஃப்ட் என்ஜினுக்குள்ளிருந்து வெளியே தலை நீட்டுகிறது. ஷாஃப்ட் சுற்றணும், எண்ணெய் மட்டும் வெளியே வரக் கூடாது. அதற்கு, இரும்பு வளையத்தில் ஒட்டிய ரப்பர் உதடு ஒன்று ஷாஃப்டை லேசாகக் கவ்விக்கொண்டிருக்கும். உதட்டுக்குப் பின்னால் சன்னமாக ஒரு ஸ்பிரிங், இடுப்பில் அரைஞாண் கயிறு மாதிரி. இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல்தான் அந்த உதடு வழுக்கிக்கொண்டிருக்கும். காய்ந்தால் கருகிவிடும்.

இவை ஏன் சாகின்றன? சூடு, வயசு. இரண்டும் சேர்ந்து ரப்பரை பிளாஸ்டிக் மாதிரி விறைக்க வைக்கும். கார்க் காய்ந்து சுருங்கும். ஓடாமல் ஷெட்டில் படுத்திருக்கும் காருக்கும் இது வரும். "பத்து வருஷமா பத்திரமா நிறுத்தியிருக்கேன் ஸார், நாலாயிரம் கிலோ மீட்டர்கூட ஓடலே" என்று விற்க வருகிறவரிடம் ரொம்ப மகிழ்ந்துவிடாதீர்கள்.

தோல் வியாபாரி கொடுத்த மோதிரம்

ஆயில் ஸீலின் பூர்வீகம் ரப்பர் தோட்டம் இல்லை, தோல் ஷாப்! ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் 1849-ல் ஆரம்பித்த தோல் பதனிடும் நிறுவனம் ஃப்ராய்டன்பெர்க். 1929-ல் உலகப் பொருளாதாரம் குப்புற விழுந்தபோது தோலுக்கு வேறு மார்க்கெட் தேடியவர்கள், வண்டிகளுக்குத் தோலில் ஸீல் செய்ய ஆரம்பித்தார்கள். ஆஸ்திரியாக்காரரான வால்ட்டர் ஸிம்மர் என்ற என்ஜினீயரின் பெயரில் 'ஸிம்மரிங்' என்றே அது பிரபலமானது. 1930-களிலேயே தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்துக்கொண்டது. ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அம்பாஸடரின் ஐந்து கண்கள்

அழுகிற கண்களைச் சொல்கிறேன்! உதாரணத்துக்கு அம்பாஸடரை எடுத்துக்கொள்வோம். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் ஸீரிஸ் என்ற ஆங்கிலேயக் காரின் மறுபிறவி. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 1957 வாக்கில் பிறந்து, 2014 மே மாதம் ஓய்வு பெற்றது. பழைய பெட்ரோல் மாடல்களில் இருப்பது 1489 ஸிஸி 'பி ஸீரிஸ்' என்ஜின். 1992-ல் இஸுஸு என்ஜின் வந்தது தனிக் கதை. நாம் பார்ப்பது அந்தப் பழைய வெள்ளைக்கார என்ஜினை.

1. டேப்பட் கவர்: என்ஜின் உச்சியில் இருக்கும் தகர மூடி. அடியில் கார்க் பேக்கிங். இரண்டே இரண்டு நட். ஒழுகுகிறதே என்று பலசாலி ஒருவர் முறுக்கியிருப்பார். கார்க் பிதுங்கி, தகரம் வளைந்து, முன்னைவிட ஜோராக ஒழுகும்.

2. ஸைடு கவர்கள்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் இரண்டு தகடுகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே போல்ட். இங்கே கார்க் செத்துப்போய், என்ஜின் பின்னால் ஒழுகுகிறது என்று ஏமாந்தவர்கள் அநேகம்.

3. டைமிங் கவர்: முன்பக்கம், ஃபேன் பெல்ட் புல்லிக்குப் பின்னால். இதில் ஒரு காகித பேக்கிங், ஒரு ஸீல். ஆதி மாடல்களில் கம்பளித் துணி மாதிரி ஃபெல்ட், பிறகு ரப்பர்.

4. ஆயில் சேம்பர்: அடி வயிறு. ஓரத்துக்கு பேக்கிங், முன்னும் பின்னும் வளைவில் கார்க் பட்டைகள்.

5. பின்பக்கம்: இதுதான் வேடிக்கை. கிராங்க் ஷாஃப்டின் பின் முனையில் ரப்பர் ஸீலே கிடையாது! ஷாஃப்டிலேயே திருகாணி மாதிரி ஒரு மரை வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுற்றச் சுற்ற, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை அந்த மரை உள்ளே துரத்திவிடும். என்ஜின் நின்றால் துரத்த ஆள் இல்லை. ஒன்றிரண்டு சொட்டு வரும். அது வியாதி இல்லை, சுபாவம்.

இந்தக் குடும்பத்து வண்டிகளில் கிளட்ச் கூட்டின் அடியில் ஓர் ஓட்டையும் அதில் தொங்குகிற ஒரு பின்னும் இருக்கும். யாரோ மறந்துவிட்ட பின் என்று பிடுங்கிப் போடாதீர்கள். வண்டி ஆடும்போது அதுவும் ஆடி, ஓட்டை அடைக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஓட்டை அடைத்தால் எண்ணெய் போகிற இடம், கிளட்ச்!

ஒரு தாசில்தாரும் ஒரு பவுடர் டப்பாவும்

சேலத்தில் வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம், அவர் மேனேஜர் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர். அப்பா ரிட்டயர்டு தாசில்தார். 1980-களில் பி.எஃப். பணத்தில் வாங்கிய மார்க் 4 அம்பாஸடர். பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் தகராறு. மகனுடைய புது காரில் உட்காரக் கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்கணும். சித்தப்பா வீட்டு ஜீப் ரக வண்டிக்கு ஏணி போட்டு ஏறணும். அம்பாஸடர் ஸீட் ஒன்றுதான் நாற்காலி உயரம். மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக அது இல்லாவிட்டால், "நான் வரலைப்பா, மாத்திரையை நீயே வாங்கிட்டு வந்துடு" என்று படுத்துவிடுவார்.

அந்த வண்டி ஒழுக ஆரம்பித்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, அடியில் ஒரு தாம்பாளம் வைக்கிற அளவுக்கு.

ஒரு பட்டறையில் காட்டினார். "என்ஜினை இறக்கணும் ஸார். ஃபுல் ஓவர்ஹால். அறுபதாயிரம் ஆகும்." நண்பரின் மனைவி, "காயலான் கடைக்குப் போட்டா எவ்வளவு தேறும்னு கேட்டீங்களா?" என்றார். அதையும் கேட்டார். ஆள் அடுத்த நாளே வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எடை மெஷினில் நிறுத்துகிற மாதிரி கண்ணாலேயே நிறுத்தினான். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே எழுந்து போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் நண்பர் இன்னொரு இடத்துக்குப் போனார். புளிய மரத்தடி, தகரக் கொட்டகை, ஒரு வயசான மெக்கானிக். எல்லாரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இறக்கணுமா பாய்?"

"முதல்ல குளிப்பாட்டணும் ஸார்."

டீசலும் பிரஷ்ஷும் வைத்து என்ஜினைப் பளிச்சென்று கழுவித் துடைத்தார். காய்ந்ததும், "வீட்டுல முகத்துக்குப் போடற பவுடர் இருக்கா?" என்றார். நண்பர் மனைவியின் புது டப்பா போயிற்று. சந்தேகப்பட்ட இடமெல்லாம் பவுடர் தூவி, பத்து கிலோ மீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தார். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. ஆரம்பிக்கிற இடம் பின்பக்கம் இல்லை. ஸைடு கவர்!

அதோடு விடவில்லை. அந்த முன் ஸைடு கவரிலிருந்து கிளம்பும் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை. உள்ளே தார் மாதிரி கசடு.

"இதான் ஸார் மூலம். மூக்கை அடைச்சா வாயால மூச்சு விடறோம் இல்லே? அது மாதிரி."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எரிகிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி சேம்பருக்குள் இறங்கும். அது வெளியேற வழி பிரீதர். குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்ட மாதிரி அது அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி, இருக்கிற எல்லா பேக்கிங் வழியாகவும் எண்ணெயைப் பிதுக்கும். புது ஸீல் போட்டாலும் மறுபடி ஒழுகும். ரொம்பப் பேர் என்ஜினை இறக்குவது இந்தக் குழாயைப் பார்க்காமல்தான்.

குழாயைச் சுத்தம் செய்து, ஸைடு கவர், டேப்பட் கவர் மூன்றுக்கும் புது கார்க், வளைந்த தகரத்தைத் தட்டி நேராக்கி... எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். நண்பர் ஒரு வாரம் கழித்து, "பாய், இன்னும் ராத்திரிக்கு ரெண்டு சொட்டு வருதே" என்று போய் நின்றார்.

"அது வெள்ளைக்காரன் வெச்ச ஒழுக்கு ஸார். அதுக்கு நான் ஜவாப்தாரி இல்லே!"

பெரியவர் அந்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனார். முன் ஸீட்டில்.

நீங்களே செய்யலாமா?

மேல் மூடி பேக்கிங்கை ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் தாராளமாகச் செய்யலாம். கவனிக்க வேண்டியவை:

* என்ஜின் நன்றாக ஆறியிருக்கணும்.

* பழைய கார்க்கை முழுக்கச் சுரண்டி எடுக்கணும். துணுக்கு உள்ளே விழக் கூடாது. எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைக்கணும்.

* மூடியின் விளிம்பைக் கண்ணாடிமேல் கவிழ்த்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. மரக்கட்டைமேல் வைத்து மெல்லத் தட்டி நேராக்குங்கள்.

* பேஸ்ட்டை மூடிப் பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவினால் போதும். தோசைக்கு நெய் விடுகிற மாதிரி விட்டால், பிதுங்கிய பேஸ்ட் உள்ளே விழுந்து, சுற்றிச் சுற்றி வந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும்.

* முறுக்குவது அளவோடு. கார்க் லேசாக நசுங்கினால் போதும். வீரம் காட்டும் இடம் இது இல்லை.

டைமிங் கவர் ஸீல் மாற்றுவதில் இரண்டு சூட்சுமங்கள். ஒன்று, ஸீலின் ஸ்பிரிங் தெரிகிற பக்கம் எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்கணும். உதட்டில் எண்ணெய் தடவித்தான் மாட்டணும். இரண்டு, கவர் போல்ட்டுகளை லூஸாக வைத்து, புல்லியை உள்ளே செலுத்தி, ஸீல் நட்ட நடுவில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கணும். கோணலாக உட்கார்ந்தால் ஒரு பக்கம் தேயும், மறுபக்கம் ஒழுகும். புல்லியில் ஸீல் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தால் புது ஸீல் வீண். புல்லியை மாற்றணும், அல்லது ஸ்லீவ் போடணும்.

காருக்கு அடியில் போக வேண்டிய வேலை என்றால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட நீட்டாதீர்கள். ஸ்டாண்டு போடணும். பழைய பேக்கிங்குகளில், முக்கியமாக அந்தக் கால ஹெட் பேக்கிங்கில், ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன். உலர்ந்த நிலையில் எமரி தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். ஈரமாக்கிச் சுரண்டுங்கள். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயில் வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.

ஹெட் பேக்கிங்: இது பெரிய இடம்!

நெருப்பு, தண்ணீர், எண்ணெய். ஜன்மப் பகையாளிகள் மூன்று பேரை ஒரே கூரைக்கடியில் சண்டையில்லாமல் குடிவைக்கிற வேலை ஹெட் பேக்கிங்குக்கு. அது பிய்ந்தால் அறிகுறிகள் இவை: ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறையும். புகை வெள்ளையாக, நிற்காமல் வரும். ரேடியேட்டரில் குமிழி கிளம்பும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் டிகாஷனில் பால் விட்ட நிறம். (குளிர் காலத்தில் கிட்டத்திலேயே ஓட்டும் வண்டிகளில் மூடியில் மட்டும் லேசாக இப்படி இருக்கும். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால்தான் பயப்படணும்.) சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து சோதனை செய்கிறவர்கள் முகத்தைப் பணயம் வைக்கிறார்கள்.

இந்த வேலையை மெக்கானிக் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். பார்க்க வேண்டியது:

ஆறின என்ஜினில்தான் நட்டுகளைக் கழற்றணும். புஷ் ராடுகளை எடுத்த வரிசைப்படி ஓர் அட்டையில் குத்தி நம்பர் போடணும். ஸ்டீல் ஸ்கேலை ஹெட்மேல் குறுக்காக வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்கணும். வளைந்திருந்தால் லேத்தில் ஃபேஸிங். வளைந்த ஹெட்டில் புது பேக்கிங் போடுவது, கோணல் சுவருக்குப் புது வெள்ளை அடிப்பது மாதிரி. பேக்கிங்கில் 'டாப்', 'ஃப்ரன்ட்' என்று அச்சிட்டிருக்கும், அதன்படி வைக்கணும். நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இல்லாமல் மூன்று தவணையாக, டார்க் ரென்ச்சால், மேன்யுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கணும். "கை அளவு தெரியும் ஸார்" என்பவரிடம் பணிவாக ரென்ச்சை நீட்டுங்கள்.

கொஞ்ச தூரம் ஓட்டி, ஆறவிட்டு, இந்தப் பழைய என்ஜினில் இன்னொரு முறை இறுக்கணும். ஹெட் அமுங்கினால் டேப்பட் இடைவெளி மாறும், அதையும் திரும்ப வைக்கணும். அதற்கு ஒரு சுலபமான ஒன்பது வாய்ப்பாடு உண்டு. முன்னாலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை நம்பர். எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதை சரி செய்யணும். ஆறு திறந்தால் மூன்று. நாலு திறந்தால் ஐந்து. கூட்டினால் எப்போதும் ஒன்பது. கணக்கு டியூஷன் எடுக்கிற என்ஜின்!

(பெட்டிச் செய்தி)
73 விநாடி

ரப்பர் வளையம்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1986 ஜனவரி 28. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர். சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறியது. ஏழு பேர் பலி. பக்கவாட்டு ராக்கெட்டின் ஓர் இணைப்பில் இருந்த 'ஓ ரிங்', குளிரில் விறைத்து, சூடான வாயுவைத் தடுக்க முடியாமல் போனதுதான் காரணம். குளிரில் ஏவ வேண்டாம் என்று என்ஜினீயர்கள் முதல் நாள் ராத்திரியே எச்சரித்திருந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி ரிச்சர்டு ஃபைன்மன், டெலிவிஷன் காமிராக்களுக்கு முன்னால் அந்த ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டு எடுத்து, அது பழைய உருவத்துக்குச் சட்டென்று திரும்பவில்லை என்று காட்டினார். விறைத்த ரப்பர், ரப்பர் இல்லை. உங்கள் காரிலும் அதே விதிதான்.

மாருதிக்காரர்களுக்கு...

1983 டிசம்பரில் வந்து, அம்பாஸடர் நின்ற அதே 2014-ல் உற்பத்தி நின்ற மாருதி 800-ஐ இன்னும் செல்லமாக வைத்திருப்பவர்கள் ஏராளம். 796 ஸிஸி, மூன்று ஸிலிண்டர். இதில் ஹெட் அலுமினியம். அம்பாஸடரின் இரும்பு ஹெட் மாதிரி சூட்டைப் பொறுத்துக்கொள்ளாது. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டால், "இன்னும் ரெண்டு கிலோ மீட்டர்தானே" என்று ஓட்டாதீர்கள். அந்த இரண்டு கிலோ மீட்டர்தான் ஹெட்டை வளைப்பது. ஓரம் கட்டுங்கள்.

இதில் முன்பக்க கிராங்க் ஸீலும் கேம் ஷாஃப்ட் ஸீலும் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன. பெல்ட் மாற்றக் கழற்றும்போதே இரண்டு ஸீலையும் மாற்றிவிடுங்கள். கூலி ஒன்றுதான். "ஸீல் நல்லாத்தான் இருக்கு" என்று மிச்சம் பிடித்தால், ஆறு மாதம் கழித்து அது ஒழுகி, புது பெல்ட்டையும் நனைத்துக் கெடுக்கும். அப்புறம் கூலி இரண்டு, பெல்ட் இரண்டு!

கிளட்ச் பிளேட் மாற்ற கியர் பாக்ஸ் இறங்கும்போது பின்பக்க ஸீலுக்கும் இதே நியாயம். மொத்த விலையில் ரப்பரின் பங்கு ரொம்பக் குறைச்சல், அதைத் தொடப் போகும் வழிக்குத்தான் காசு.

கடையில்... பட்டறையில்...

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் பழைய கார்க்காரர்களின் காசி, ராமேஸ்வரம். பேக்கிங்கைத் தனித் தனியாக வாங்காமல் செட்டாக வாங்குவது லாபம். ஆனால் ஒரு எச்சரிக்கை: "ஒரிஜினல் ஸார், இருபது வருஷத்துப் பழைய ஸ்டாக்" என்று தூசி தட்டித் தருகிற ஸீலை வாங்காதீர்கள். ரப்பருக்கு அலமாரியிலும் வயசாகும். உதட்டை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் வணக்கம் சொல்லிவிடுங்கள். எண்ணெயில் ஊற்றினால் ஒழுக்கு நிற்கும் என்று விற்கிற டப்பா மருந்துகள், காய்ந்த ரப்பரைக் கொஞ்ச நாள் ஊத வைக்கும். பிய்ந்த கார்க்கை எந்த மருந்தும் ஒட்டாது.

மெக்கானிக் "என்ஜின் இறக்கணும்" என்றால், சரி சொல்வதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள்:

"கழுவிப் பார்த்தீங்களா?"

"எங்கேயிருந்து ஆரம்பிக்குதுன்னு காட்டுங்க."

"பிரீதர் திறந்திருக்கா?"

"கம்ப்ரஷன் எவ்வளவு காட்டுது?"

நாலுக்கும் பதில் வந்து, பிறகும் இறக்கணும் என்றால் இறக்குங்கள். ரிங் தேய்ந்து, பேரிங் தேய்ந்த என்ஜினுக்கு வெளியில் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் பிரயோஜனமில்லை. பதில் வராமல் தலையைச் சொறிந்தால், வேறு புளிய மரம் பாருங்கள்.

எங்கள் அக்கவுன்டன்ஸியில் ஒரு பாகுபாடு உண்டு. வருஷா வருஷம் செய்கிற ரிப்பேர் ஒரு தலைப்பு, புதுசாகச் சொத்து வாங்குவது இன்னொரு தலைப்பு. முதலாவதைச் செய்யாதவன் சீக்கிரத்தில் இரண்டாவதைச் செய்ய வேண்டி வரும். பதினைந்து வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.ஸி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்டணும். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் குனிந்து பார்ப்பதற்கு முன்னால், நீங்கள் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள்.

இன்று ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் நிறத்தைப் பாருங்கள். பழுப்பு, கறுப்பு என்றால் என்ஜின் ஆயில். பச்சையாக, தித்திப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் தெளிவாக, வழவழப்பாக இருந்தால் பிரேக் ஆயில். அப்படியென்றால் அன்றைக்கு ஆபீஸுக்கு பஸ்ஸில் போங்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

அட்டை சுத்தமாக இருந்தால்? சந்தோஷப்படுவதற்கு முன்னால் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்துவிடுங்கள்!